நேரில் கண்டு சான்றளிக்கிறேன்

அந்தப் பால்கனிக்கு வாய் இருந்திருந்தால், "என்னைக் கட்டின கொத்தனாரை விடுங்க, நான் உறுதியா இருக்கேன்னு எழுதிக் குடுத்தவனைப் பிடிங்க" என்று சொல்லியிருக்கும். வாய் இல்லாத காரணத்தால், 1999 பிப்ரவரியில் ஒரு காலை நேரம், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில், ராணியம்மாளின் தங்கும் விடுதியிலிருந்து அது தன்பாட்டுக்குக் கழன்று விழுந்தது. கீழே வாசல் பெருக்கிக்கொண்டிருந்த சந்திரம்மாளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துபோனது. இரண்டடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் ஆளே போயிருப்பாள்.

பத்து நாள் கழித்து அந்த இடிபாட்டின் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி எழில். நாற்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலையை உதறிவிட்டுத் தேரடி வீதியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். இன்னொருவர் அவளுடைய உதவியாளர் அய்யூப். இருபது வருஷம் சென்ட்ரிங் வேலை பார்த்து, முட்டி தேய்ந்து, வாய் மட்டும் தேயாமல் அந்தத் தொழிலைவிட்டு வெளியே வந்தவர்.

அய்யூப் குனிந்து ஒரு கான்கிரீட் துண்டை எடுத்தார். இரண்டு விரலால் அழுத்தினார். பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"சிமெண்ட் கம்மி, மணல் ஜாஸ்தி. கம்பி ஒண்ணு இருக்குது மேடம். ஆனா தான் கம்பின்னு அதுக்கே தெரியாது."

"சான்று என்ன சொல்லுது பாய்?"

அய்யூப் சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்தார். பிரசங்கம் செய்கிற குரலில் படித்தார். "மேற்படி கட்டடத்தை நேரில் கண்டும், தட்டிப் பார்த்தும், அளந்து பார்த்தும், அது உறுதியாக உள்ளது எனச் சான்றளிக்கிறேன். கையெழுத்து, வட்ட முத்திரை. பரசுராமன், லைசென்ஸ் பெற்ற கட்டட சர்வேயர். ஜனவரி எட்டாம் தேதி." மடித்து வைத்தார். "நேர்ல கண்டாராம். கண்ணை வீட்ல வெச்சுட்டு வந்துட்டாரோ இன்னாவோ."

"தான் வரவே இல்லன்றார். அதானே கேஸ்."

அதுதான் கேஸ். விடுதி நடத்தினாலும், கல்யாண மண்டபம் நடத்தினாலும், நாலு பேர் கூடுகிற கட்டடம் எதுவானாலும் அது உறுதியாக இருக்கிறது என்று ஒரு சான்று வேண்டும். அதை எழுத எல்லாருக்கும் உரிமை கிடையாது. லைசென்ஸ் வாங்கிய சர்வேயர் தானே நேரில் போக வேண்டும், பார்த்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும், அந்த இடத்திலேயே முத்திரை குத்த வேண்டும். முத்திரையை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. லைசென்ஸோடு இந்த நிபந்தனைகளையும் அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். பரசுராமன் அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார். அதற்கு மாலையும் போட்டிருக்கிறார். படித்துப் பார்த்தாரா என்று கேட்டால் அந்தக் கண்ணாடிக்குத்தான் தெரியும்.

பால்கனி விழுந்த மறுநாளே பரசுராமன் முந்திக்கொண்டார். இந்தச் சான்று என்னுடையதில்லை, போன மாசக் கடைசியில் என்னிடம் வேலையை விட்டுப் போன டைப்பிஸ்ட் பாஞ்சாலை ஃபாரத்தைத் திருடி, என் கையெழுத்தைப் போட்டு, கள்ள முத்திரை செய்து குத்தி விற்றுவிட்டாள் என்று லைசென்ஸ் ஆபீசில் புகார் கொடுத்தார். இன்றைக்கு மூன்று மணிக்கு விசாரணை. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரும் வருகிறார். புகார் சரி என்று முடிவானால் பாஞ்சாலை அங்கிருந்தே ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

எட்டு வருஷம் காத்திருந்து அவளுக்குத் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். போலீஸ் கேஸ் ஒன்று விழுந்துவிட்டால் அந்த ஆர்டரில் பஜ்ஜி மடிக்கலாம்.

அவளுக்கு எதிராக ஆதாரம் தேடிக் கொடுக்கத்தான் பரசுராமன் நேற்று எழிலை அமர்த்தினார். சும்மா அமர்த்தவில்லை. லெட்டர்ஹெட்டில் 'தங்களை இதன்மூலம் நியமிக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தோல் பையிலிருந்து முத்திரையை எடுத்து மூச்சு விட்டுக் குத்தியும் கொடுத்தார். வட்டத்தின் நடுவில், லைசென்ஸ் எண் வர வேண்டிய இடத்தில், எட்டணா அளவுக்கு மை அப்பிப்போயிருந்தது.

"முத்திரைக்கே வயித்து வலி போலிருக்கு" என்று அய்யூப் நேற்றே சொன்னார். எழில் சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தை மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டாள். கடிதத்தை மடிக்காமல் வைக்கிறாள் என்றால் மேடத்துக்கு ஏதோ உறுத்துகிறது என்று அய்யூப்புக்குத் தெரியும். என்ன உறுத்துகிறது என்றுதான் தெரியவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

ராணியம்மாள் விடுதிக்குள்ளிருந்து வந்தாள். கழுத்தில் இருந்த சங்கிலியின் கனத்தில் பாதியைப் பால்கனியில் போட்டிருந்தால் அது இன்னும் நாற்பது வருஷம் நின்றிருக்கும்.

"சான்றை யார் கொண்டாந்து குடுத்தாங்க?" என்று எழில் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுதாங்க. பாஞ்சாலை."

"பரசுராமன் வந்து கட்டடத்தைப் பார்த்தாரா?"

"அவரு எதுக்குங்க வரணும்? பேப்பர்தான் வந்துடுச்சே."

"யாரும் வராம கட்டடம் உறுதின்னு எப்படி எழுத முடியும்னு உங்களுக்குத் தோணலையா?"

ராணியம்மாள் எழிலை மேலும் கீழும் பார்த்தாள். "ஆள் வந்தா அங்க விரிசல், இங்க விரிசல்னு நோண்டுவாங்க. வராம இருந்தது நல்லதுன்னு விட்டுட்டேன்."

"சந்திரம்மாள் எப்படி இருக்காங்க?"

"ஆஸ்பத்திரியில இருக்கா. பெருக்கறதுக்கு ஆள் கிடைக்காம நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

அய்யூப் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். எழில் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த அம்மாளிடம் பேசினால் தன் நாக்குக்குத்தான் கேவலம் என்று அய்யூப்பும் பேசாமல் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எழில்தான் ஓட்டினாள்.

"மேடம், இந்தம்மா சொன்னது நம்ம கட்சிக்காரருக்குச் சாதகம். பாஞ்சாலைதான் குடுத்தா. அவர் வரல."

"அவர் வரலன்றதைத்தான் அவரே சொல்றாரே பாய். அதுல பாஞ்சாலை என்ன புதுசா மாட்டறா?"

வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது லைசென்ஸ் ஆபீஸ். எதிரே டீக்கடை பெஞ்சில் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விசாரணை மூன்று மணிக்கு. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டதாகச் சொன்னாள். வேலை ஆர்டரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

"நீங்க அவர் ஆளு. உங்ககிட்ட நான் எதுக்குப் பேசணும்?"

"பேச வேணாம்" என்றாள் எழில். "திருடினியா இல்லையான்னு மட்டும் சொல்லு."

"திருடல. அந்த ஃபாரத்துல கையெழுத்து அவரோடது, முத்திரையும் அவரோடது. புரட்டாசி மாசம் ஒரு வாரம் உக்காந்து நூறு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கட்டி வெச்சுட்டாரு. யாராவது வந்தா நான் பேரையும் விலாசத்தையும் டைப் அடிச்சு, தேதி போட்டு, கொண்டுபோய்க் குடுத்துட்டு வரணும். அவ்ளோதான். இதைத்தான் பத்து நாளா சொல்றேன். சர்வேயர் பொய் சொல்வாரா, டைப்பிஸ்ட்தான் சொல்லுவான்றாங்க."

"பார்க்காத கட்டடத்துக்கு நீ டைப் அடிச்சுக் குடுத்தே."

அவள் முகம் விழுந்துவிட்டது. "குடுத்தேன். சம்பளத்துக்காகக் குடுத்தேன். அது தப்புதான்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சந்திரம்மாளைப் பார்த்துட்டு வந்ததுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. அந்தத் தப்புக்கு என்ன வேணா பண்ணட்டும். திருடின்னு மட்டும் சொல்லக் கூடாது."

எழில் டீ கிளாசைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள். "அவரோட முத்திரையை நீ கடைசியா எப்பத் தொட்டே?"

"ஆயுத பூஜைக்கு. டேப்பு, தூக்குக்குண்டு, முத்திரை எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். வெச்சதும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் நான் கண்ணால பார்க்கல."

எழில் சிரித்தாள். காலையிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

"இதுல சிரிக்க இன்னா மேடம் இருக்குது?" என்றார் அய்யூப்.

"உங்ககிட்ட ஊக்கு இருக்கா பாய்?"

"சட்டைப் பொத்தான் போனதுலேர்ந்து ஒண்ணு குத்தியிருக்கேன்."

"அதைத் தயாரா வெச்சுக்குங்க."

மூன்று மணிக்கு விசாரணை ஆரம்பமானது. அதிகாரி சிகாமணி நேர்மையான மனுஷர்தான், ஆனால் மெதுவானவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படித்தால்தான் அவருக்கு ஒரு முறை படித்த மாதிரி. மூலையில் சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலை சுவரோரமாக நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பரசுராமன் வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, தோல் பையோடு வந்தார். எழிலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தான் ஏவிவிட்ட ஆள் தனக்காகக் குரைக்கப் போகிறது என்ற நிம்மதி அதில் தெரிந்தது. அய்யூப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேஜைமேல் நாற்பத்தோரு சான்றுகள் இருந்தன. ஐப்பசியிலிருந்து தை மாசம் வரைக்கும் பரசுராமன் பெயரில் இந்த ஆபீசுக்கு வந்தவை.

"இதுல எது உங்களோடது, எது போலி?" என்று சிகாமணி கேட்டார்.

பரசுராமன் ராணியம்மாள் விடுதியின் சான்றை மட்டும் உருவித் தள்ளி வைத்தார். "இது ஒண்ணுதாங்க போலி. மீதி நாற்பதும் நான் நேர்ல போய், ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து, அந்தந்த வீட்டு வாசல்லயே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினது. பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு நாள் நிபந்தனையை மீறினதில்ல."

"சார், நான் ரெண்டு கேள்வி கேட்கலாமா?" என்றாள் எழில். "புகார் கொடுத்தவர் சார்பாத்தான் வந்திருக்கேன்."

சிகாமணி சம்மதித்தார்.

"பாஞ்சாலை கள்ள முத்திரை செஞ்சான்னு சொல்றீங்க. செய்யணும்னா அசல்லேர்ந்து அச்சு எடுக்கணும். அசல் அவ கைக்கு எப்பவாவது போச்சா?"

பரசுராமன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முன்னால் சாய்ந்தார். "போச்சு. ஒரே ஒரு தடவை. ஆயுத பூஜை அன்னிக்குப் பொட்டு வைக்கறதுக்கு நானே குடுத்தேன். அப்பதான் அச்சு எடுத்திருப்பா."

"அதுக்கு முன்னாடி, பின்னாடி?"

"சான்ஸே இல்ல. பூஜை முடிஞ்சு பையில போட்டேன். அன்னிக்குலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் என்னைத் தவிர வேற ஒரு கை அதுல படல. எங்க வேணா சத்தியம் பண்றேன்."

"எழுதிக்குங்க சார்" என்று எழில் சிகாமணியிடம் சொன்னாள். அவர் எழுதினார், இரண்டு முறை படித்தார்.

"இப்ப அந்த முத்திரையை இந்த வெள்ளைத் தாள்ல ஒரு தடவை குத்துங்க."

பரசுராமன் பையைத் திறந்து முத்திரையை எடுத்தார். மைப் பெட்டியில் ஒற்றினார். மூச்சு விட்டார். குத்தினார். வட்டம் விழுந்தது. நடுவில் எட்டணா அளவுக்கு மை அப்பியிருந்தது. லைசென்ஸ் எண்ணில் ஒரு இலக்கம்கூடத் தெரியவில்லை.

"மை ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று மறுபடி குத்தினார். மறுபடியும் அதே அப்பல்தான் விழுந்தது. மூன்றாவது தடவை துடைத்துவிட்டுக் குத்தினார். அதே இடம், அதே அளவு.

எழில் நேற்று வாங்கிய நியமனக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே அப்பல். பிறகு நாற்பது சான்றுகளையும் மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். நாற்பதிலும் முத்திரை பளிச்சென்று இருந்தது. லைசென்ஸ் எண் முழுசாகப் படிக்க முடிந்தது.

"பாய், ஊக்கு."

அய்யூப் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி, முத்திரையைத் திருப்பி, ரப்பர் எழுத்துகளுக்கு நடுவே கிளறினார். மைக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. அதன் நடுவில் சிவப்பு. மூக்கருகில் கொண்டுபோனார்.

"சந்தனம். நடுவுல குங்குமம்" என்றார். "எங்க வீட்டுப் பக்கம் இந்தப் பூஜை கிடையாது. ஆனா இருபது வருஷமா எல்லா சைட்லயும் சுண்டலும் பொரியும் வாங்கித் தின்னுருக்கேன், இந்த வாசனை எனக்குத் தெரியும்."

"பாஞ்சாலை, பொட்டை எந்தப் பக்கம் வெச்சே?" என்றாள் எழில்.

"கைப்பிடியிலதாங்க்கா வெக்கப் போனேன். ஐயாதான், 'அங்க எதுக்கு வெக்கறே, நமக்குச் சோறு போடற பக்கம் இதுதான், இதுல வை, நல்லாப் பெரிசா வை'ன்னு திருப்பிக் காட்டினாரு."

சிகாமணி ஒரு சான்றை எடுத்தார், முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். இந்தத் தடவை அவர் ஒரு முறை பார்த்ததே போதுமாக இருந்தது.

"அவ்வளவுதான் சார்" என்றாள் எழில். "பூஜை அன்னிக்கு முத்திரை வாயில சந்தனம் அடைச்சுது. அதுக்கப்புறம் குத்தினா இந்த அப்பல்தான் விழும். நேத்து எனக்கு விழுந்துச்சு, இப்ப உங்க கண்ணு முன்னாடி விழுந்துச்சு. ஆனா இந்த நாற்பதும் பூஜைக்கு அப்புறம் தேதி போட்டது. ஒண்ணுலகூட அப்பல் இல்ல. நாற்பதும் தான் குத்தினதுன்னு அவரே சொல்றார். அப்படின்னா எல்லாத்தையும் பூஜைக்கு முன்னாடியே குத்தி வெச்சிருக்கார். நேத்து எனக்குக் குத்தற வரைக்கும், அஞ்சு மாசமா முத்திரையைப் பையை விட்டு எடுக்கவே இல்ல. எடுத்திருந்தா அடைச்சிருக்கறது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். விடுதியோட சான்றையும் பாருங்க, அதே பளிச்சு முத்திரை. அதுவும் அந்தக் கட்டுலேர்ந்து வந்ததுதான்."

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். "எல்லா சர்வேயரும் இப்படித்தாங்க பண்றாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்கணும்னா முடியுமா? எனக்கு மூட்டு வலி வேற."

"சந்திரம்மாளுக்குத் தோள் வலி" என்றார் அய்யூப்.

"ஒரு அப்பாவிப் பொண்ணைத் திருடின்னு சொன்னீங்களே, அதுவும் எல்லா சர்வேயரும் பண்றதா?" என்று சிகாமணி கேட்டார். லைசென்ஸை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு மேல புகார் நிக்காது. நீங்க எழுத வேண்டிய பேர் வேற."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பரசுராமனைப் பார்த்தார்.

பாஞ்சாலை சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று வடிந்தது. பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "திங்கக்கிழமை சேரலாமா சார்?" என்று கேட்டாள்.

"தாராளமா சேரும்மா."

அய்யூப் எழிலின் காதருகே குனிந்தார். "நமக்கு வேலை குடுத்தவரையே உள்ள தள்ளியாச்சு. இந்தச் சேதி ஊருக்குள்ள பரவினா நம்ம ஆபீசுக்கு யாரு மேடம் வருவாங்க?"

"உண்மை தெரியணும்னு நினைக்கறவங்க வருவாங்க."

"அப்ப கடையை மூடிடலாம்."

சிகாமணி திடீரென்று நிமிர்ந்தார். "நூறு ஃபாரம்னு முன்னாடியே எங்ககிட்ட சொன்னியேம்மா. இங்க நாற்பத்தொண்ணுதான் இருக்கு. மீதி அம்பத்தொம்பது?"

"எல்லாம் குடுத்தாச்சு சார். வாங்கினவங்க இன்னும் இங்க கொண்டாந்து சேர்க்கல போல."

சிகாமணி பரசுராமனைப் பார்த்தார். "எந்தெந்தக் கட்டடம்?"

பரசுராமன் கையை விரித்தார். எந்தக் கட்டடத்தையும் பார்த்தவரில்லை, பெயரை எங்கே ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்?

"எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றாள் பாஞ்சாலை. "ஒவ்வொரு விலாசமும் நான் அடிச்சது. பத்து நாளா தூங்காம அதைத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன். எந்த எடத்துல எத்தனை பேர் இருப்பாங்கன்னு."

"ரொம்ப நல்லது. உக்காரும்மா, உக்காந்து எழுது." சிகாமணி தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளையும் பேனாவையும் நகர்த்தினார்.

பாஞ்சாலை உட்காரவில்லை. தாளையும் பேனாவையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். "கீழ டீக்கடையில உக்காந்து எழுதித் தரேன் சார். நீங்களும் வந்துடுங்க, எல்லாரும் வந்துடுங்க."

"ஏன்? இங்கயே எழுதலாமே."

"இந்தக் கட்டடத்தோட வீட்டுக்காரருக்கும் நான்தான் சார் அடிச்சுக் குடுத்தேன். கார்த்திகை மாசம்."

சிகாமணி மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் பார்த்தார். எழில் பார்த்தாள். அய்யூப் மட்டும் பார்க்கவில்லை. இருபது வருஷம் கூரை போட்டவர் அவர், பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் இது இல்லை என்று அவருக்குத் தெரியும். மேஜைமேல் பரப்பியிருந்த சான்றுகளை வாரி எடுத்துக்கொண்டு, எல்லாரையும் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனவர், தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். பரசுராமனின் நாற்காலி காலியாக இருந்தது. முத்திரையைக்கூட எடுக்காமல், மூட்டு வலியையும் மறந்து, லைசென்ஸ் பெற்ற கட்டட சர்வேயர் எல்லாருக்கும் முன்னால் படியிறங்கிப் போய் நடுரோட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.